ஐந்து விளக்கு மாளிகை

சாகாத மந்திரவாதிக்கு வீடு வரைய உட்காருபவர்கள் வழக்கமாக வாசலில்தான் தொடங்குவார்கள். மண்டையோடு பதித்த கதவு, எலும்புத் தூண், இருண்ட படிக்கட்டு என்று பென்சில் தானாக ஓடும். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மேசையில் ‘ஐந்து விளக்கு மாளிகை’ உருவானபோது வாசல் கடைசியாகத்தான் வந்தது. அதற்கு முன் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்: இவன் தன் உயிரை எங்கே வைத்திருக்கிறான்? அந்த இடம் தெரிந்துவிட்டால் எத்தனை அறை, எந்தக் கதவுக்கு எவர் காவல், தண்ணீர் எந்த வழியால் உள்ளே போகிறது என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துவிடும்.

விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ மேசையைச் சுற்றியிருந்து பேசிப் பேசியே ஆடும் ஆட்டம். ஒருவர் கதை நடத்துவார். அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். “கதவைத் தள்ளுறன்” என்று ஒருவர் சொன்னால், கதவு அசைந்ததா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை மாஸ்டர் சொல்வார். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974 இல், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து ஆயிரம் பிரதிகளாக வெளிவந்தது.

செத்தும் சாகாத மந்திரவாதி அடுத்த ஆண்டே அதற்குள் புகுந்துவிட்டான். 1975 இல் வந்த ‘கிரேஹோக்’ என்ற துணைநூலில் ‘லிச்’ என்ற பெயரில் இடம்பெற்றான். கார்ட்னர் ஃபாக்ஸ் 1969 இல் எழுதிய கோத்தார் என்ற வீரனின் கதையிலிருந்து அவனை எடுத்ததாகக் கைகாக்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ‘ஃப்ளாஷ்’ என்ற சித்திரக்கதை நாயகனை உருவாக்கியவர்களில் ஒருவர்தான் இந்த ஃபாக்ஸ். 1976 இல் ‘எல்ட்ரிச் விசர்ட்ரி’ என்ற இன்னொரு துணைநூலில் வெக்னா வந்தான். அப்போது அவன் வெறும் ஒரு கையும் ஒரு கண்ணும்தான். உடம்பு அழிந்தபின் எஞ்சிய சாமான்கள். ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் பெயரெழுத்துகளை மாற்றிப்போட்டு அந்தப் பெயரைச் செய்திருந்தார்கள். 2022 இல் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் நான்காம் பருவத்தில் வில்லனுக்கு அதே பெயர் வைத்த பிறகு, பகடையைத் தொட்டே பாராத பிள்ளைகளும் வெக்னாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எங்கள் மேசைக்குப் புதிதாக வந்தவர்களில் சிலர் அந்த வழியாகத்தான் வந்தார்கள்.

வீடு என்று பார்த்தால், இந்த ஆட்டத்தில் மந்திரவாதி வீடுகளுக்கெல்லாம் தாய்வீடு ‘டூம் ஒஃப் ஹொரர்ஸ்’. 1975 ஜூலையில் பால்ட்டிமோரில் நடந்த முதலாவது ‘ஒரிஜின்ஸ்’ விளையாட்டு மாநாட்டுக்காகக் கைகாக்ஸ் எழுதியது. 1978 இல் அச்சில் வந்தது. அலன் லூசியன் என்ற நண்பர் எழுதிக் கொடுத்த எகிப்தியக் கல்லறைக் குறிப்பு ஒன்றுதான் அதற்கு வித்து. தன் மேசையில் யாராலும் வெல்லமுடியாத பாத்திரங்களாக வளர்ந்துவிட்ட ராபிலார், டென்சர் போன்றவர்களுக்குச் சரியான சோதனை வேண்டும் என்பது கைகாக்ஸின் நோக்கம். ராபிலாரை ஆடிய ராப் கன்ட்ஸ் தன் ஓர்க் என்ற அரக்க அடியாட்களை ஒவ்வொருவராக முன்னால் அனுப்பிப் பலிகொடுத்து, கடைசி அறைவரை போய், பொக்கிஷத்தை அள்ளிக்கொண்டு ஓடினார்.

அந்தக் கல்லறையின் வேலைப்பாட்டை நான் மெச்சுகிறேன். வாசல்கள் மூன்று, அவற்றில் இரண்டு பொய். உள்ளே சுவரில் வாயைப் பிளந்தபடி ஒரு பச்சை முகம். அந்த வாய்க்குள் இருப்பது வெறும் இருட்டு, கைவிட்டால் கை இல்லை. நடுவழியில் ஒரு பொய் முடிவு வேறு இருக்கிறது. மந்திரவாதிபோல ஒன்று எழுந்து நிற்கும், அதை வீழ்த்தினால் கூரை இடிந்து விழுவதுபோல் தோன்றும், வந்தவர்கள் வென்றுவிட்டோம் என்று திரும்பிப்போவார்கள். உண்மையான மந்திரவாதியான அசெரெராக் இன்னும் ஆழத்தில், கண்ணிலும் பல்லிலும் இரத்தினம் பதித்த வெறும் மண்டையோடாகத் தூசிக்குள் கிடக்கிறான். தொட்டால் எழும்பி, வந்தவர்களில் மிகப் பலசாலியின் ஆன்மாவை அந்த இரத்தினங்களில் ஒன்றுக்குள் இழுத்துக்கொள்வான். ஆட்டக்காரர்களுக்குக் காட்டுவதற்கென்றே படங்கள் அடங்கிய தனிப்புத்தகமும் அதனோடு வந்தது.

ஆனாலும் அங்கே பேசக்கூடிய ஆள் மிக அரிது. வரைந்தவரின் மூளைக்கும் வந்தவரின் மூளைக்கும் இடையிலான போட்டியாக அது கட்டப்பட்டிருக்கிறது. அசெரெராக் எதற்காகச் சாகாமல் கிடக்கிறான், அவனுக்கு எவர் வேண்டியவர் என்று கேட்டால் சுவர்களிடம் பதில் கிடையாது. அவனுடைய உயிர் எங்கே என்ற கேள்விகூட ஆட்டத்துக்குள் பிறகுதான் வந்தது. லிச்சுக்கு உயிர்ப்பேழை உண்டு என்ற குறிப்பு 1977 இன் ‘மொன்ஸ்டர் மனுவல்’ நூலில் ஒரு வரியாக வருகிறது. அதை எப்படிச் செய்வது, எங்கே ஒளிப்பது என்று விரிவாக எழுதியவர் லென் லகோஃப்கா, 1979 இல், ‘டிராகன்’ சஞ்சிகையில். ஆளை முதலில் செய்தார்கள், உயிரைப் பின்னால் தேடிக் கொடுத்தார்கள். நம்முடைய கதைகளில் உயிர் இருக்கும் இடம்தான் முதல். அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம்.

அதற்கு அச்சில் நல்ல சாட்சி உண்டு. பம்பாய் ஆளுநராக இருந்தவரின் மகள் மேரி ஃப்ரியர், தன் ஆயா ஆனா லிபெராத்தா டி சூசா சொன்ன கதைகளை எழுதி, 1868 இல் ‘ஓல்ட் டெக்கான் டேஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். அதில் பஞ்ச்கின் என்ற மந்திரவாதி வருகிறான். அவனுடைய உயிர் இருப்பது ஒரு கிளியில். நெடுந்தொலைவுக் காட்டின் நடுவில் வட்டமாகப் பனைபோன்ற மரங்கள், வட்டத்தின் மையத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு தண்ணீர்ச் சட்டி, ஆறாவது சட்டியின் அடியில் சிறு கூடு, கூட்டுக்குள் பச்சைக்கிளி; சுற்றிலும் பூதக் காவல். இது ஒரு வரைபடம். அப்படியே எடுத்துக் கட்டம்போட்ட தாளில் வரையலாம். அதைவிட எனக்குப் பிடித்தது பின்னால் நடப்பது: கிளியின் ஒரு சிறகைப் பிய்த்தால் மந்திரவாதியின் வலக்கை விழுகிறது, மற்றச் சிறகைப் பிய்த்தால் இடக்கை. ஒளித்துவைத்த உயிருக்கும் வெளியே நடமாடும் உடம்புக்கும் உறுப்புக்கு உறுப்பு கணக்கு இருக்கிறது. அந்த ஆயா இவ்வளவு நுட்பமான விதியை எழுதப்படாத கதையிலிருந்து எடுத்து மேரிக்குச் சொல்லியிருக்கிறார். சாகாத மந்திரவாதியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கைகாக்ஸின் பெயருக்கு மேலே அவருடைய பெயரை எழுதவேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் மேசைக்கு இன்னும் நெருக்கமானவன் மயிலிராவணன். வான்மீகியிலும் கம்பனிலும் அவன் கிடையாது. பெரிய எழுத்துக் கதைப்புத்தகத்திலும் கூத்திலும் பாட்டிமாரின் வாயிலும் வாழ்ந்தவன். பாதாள இலங்கையை ஆளும் மாயாவி. அனுமன் தன் வாலையே கோட்டையாக வளைத்துக் காவலிருக்க, அதற்குள்ளிருந்து இராமனையும் இலக்குவனையும் பலிகொடுக்கத் தூக்கிப்போகிறான். அனுமன் பின்னாலேயே இறங்குகிறான். கீழே வாசலில் மறிப்பவன் அவனுடைய சொந்த மகன். கடலைத் தாண்டியபோது விழுந்த வியர்வைத்துளியை ஒரு மீன் விழுங்கிப் பெற்ற பிள்ளை. தகப்பனும் மகனும் யாரென்று தெரியாமல் மோதுகிறார்கள். அடுத்து, மயிலிராவணனின் தங்கை தண்ணீர்க் குடத்தோடு அழுதுகொண்டு வருகிறாள். அவளுடைய மகனை அண்ணன் சிறையில் போட்டிருக்கிறான். அந்தப் பிள்ளைக்கும் அன்றுதான் பலிநாள். நான் கேட்டு வளர்ந்த வழக்கில், உள்வாசலில் ஒரு தராசு உண்டு. வருபவன் பகைவனா என்று நிறுத்துப் பார்க்கும். அவளுடைய குடத்துக்குள் இலையாக ஒளிந்து அனுமன் உள்ளே போகிறான். கடைசியில், வெட்ட வெட்ட ஒட்டிக்கொள்ளும் மயிலிராவணனின் உயிர் வேறெங்கோ இருக்கிறது என்று தெரியவருகிறது. ஒரு வழக்கில் ஐந்து வண்டுகள். இன்னொரு வழக்கில் ஐந்து திசைகளில் ஐந்து விளக்கு. ஒரே மூச்சில் அத்தனையையும் அணைக்கவேண்டும், அதற்காகத்தான் அனுமனுக்கு ஐந்து முகம்.

இங்கே ஒவ்வொரு வாசலிலும் ஒரு மனிதத் துயரம் நிற்கிறது. பலத்தால் மட்டும் எந்தக் கதவும் திறப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே ஒருவர் வீட்டுக்காரனை வெறுக்க நியாயம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் இராவணன் பக்கத்துக் கதைக்கு எப்போதும் செவிகொடுத்தவர்கள், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964 இல் ‘இராவணேசன்’ கூத்தை மேடையேற்றியபோது அவனைத் துன்பியல் நாயகனாகவே நிறுத்தினார். எங்கள் மந்திரவாதிக்கும் ஒரு நியாயம் இருக்கவேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்தோம். அவனுக்கு அகலாதான் என்று பெயர் வைத்தோம்.

ஐந்து விளக்கு என்பது உறுதியானது. எதற்கு ஐந்து? அங்கேதான் பஞ்ச்கினின் கிளி கைகொடுத்தது. சாகாமல் இருப்பதற்கு அகலாதான் கொடுத்த விலை அவனுடைய ஐம்புலன். பார்வை ஒரு விளக்கில், கேள்வி ஒரு விளக்கில், சுவை, மணம், தொடுகை ஒவ்வொன்றும் தனித்தனி விளக்கில் எரிகின்றன. ஒரு விளக்கை நூர்த்தால் அந்தப் புலன் அவனைவிட்டுப் போகும். ஆனால் மற்றதில் ஒன்று எரியும்வரை, அதிலிருந்து திரியைக் கொளுத்தி அவன் மறுபடி ஏற்றிக்கொள்வான். ஐந்தும் ஒரே நேரத்தில் நூரவேண்டும்.

இந்த ஒரு விதியிலிருந்து அறைகள் தாமாகப் பிறந்தன. பார்வை விளக்கைச் சுற்றி அவன் பார்க்க விரும்பியதெல்லாம் தொங்கும் ஒரு சித்திர மண்டபம். கேள்விக்கு ஒரு குருட்டுப் பாடகர். தொடுகைக்குக் கடல்நீர் நிறைந்த குளம். விளக்கு அதன் நடுக்கல்லில். மணத்துக்குச் சந்தனமும் காய்ந்த பூவும் அடுக்கிய களஞ்சியம். சுவைக்கு ஒரு சமையலறை. அங்கே முந்நூறு ஆண்டாக மூன்று வேளையும் அடுப்பெரிகிறது, ஒருவனுக்குப் படைக்கிறார்கள், அவன் விளக்கின் அருகில் குனிந்து நின்று போகிறான், சோறு தொடாமல் திரும்புகிறது. மண்டையோட்டுக் கதவு வரையத் தொடங்கியிருந்தால் இந்தச் சமையலறை எனக்கு ஒருபோதும் அகப்பட்டிராது.

இன்னொரு முடிவும் அந்த விதியால் வந்தது. எங்கள் மேசையில் ஆட்டக்காரர் நால்வர், கதை நடத்துவது நான். விளக்கு ஐந்து, அதுவும் ஐந்து மூலையில். இந்த ஆட்டத்தில் கூட்டம் பிரியக்கூடாது என்பது பழகியவர்களின் முதற்பாடம். பிரிந்தால் தனித்தனியாகச் சாகலாம். இங்கே பிரியாமல் முடியாது. பிரிந்தாலும் ஒரு கை குறைகிறது. திட்டம் பிடிபட்டதும் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் தம்பி கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: “அண்ணை, அஞ்சாவதை ஆர் நூர்க்கிறது?” அந்தக் கேள்வி எழவேண்டும் என்பதற்காகத்தான் மாளிகை முழுவதும் கட்டப்பட்டது. மாளிகைக்குள் இருக்கும் ஒருவரோடு பேசி, அவருடைய துயரத்தைக் கேட்டு, அவரைத் தங்கள் பக்கம் சேர்த்தால்தான் ஐந்தாவது கை கிடைக்கும். ராபிலார் ஓர்க்குகளை முன்னால் தள்ளியதுபோல் இங்கே எவரையும் தள்ளமுடியாது.

தரைக்கான எண்ணத்தைக் கொட்டாஞ்சேனை தந்தது. மேட்டின்மேல் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயத்தை ஒல்லாந்தர் 1749 இல் தொடங்கி 1757 இல் ஆராதனைக்குத் திறந்தார்கள். சிலுவை வடிவக் கட்டடம், தடித்த சுவர், உள்ளே தரையிலும் சுவரிலும் குலச்சின்னம் செதுக்கிய கல்லறைக் கற்கள். கோட்டைக்குள் இருந்த பழைய ஒல்லாந்தர் தேவாலயத்தில் அடக்கியிருந்த ஆளுநர்களின் எலும்புகளை 1813 இல், ஆங்கிலேயர் ஆட்சியில், ஊர்வலமாக இங்கே கொண்டுவந்தார்கள். இன்றும் வழிபாடு நடக்கும் இடம் அது. கோயிலையோ தேவாலயத்தையோ வில்லனின் வீடாக்குவதில்லை என்பதில் நாங்கள் எல்லோரும் ஒரே மனம். நான் எடுத்துக்கொண்டது அந்த 1813 ஊர்வலத்தை மட்டும்: பெயர் ஓரிடத்திலும் எலும்பு வேறிடத்திலும் இருந்த ஒரு காலம். அகலாதானின் மண்டபத் தரை முழுவதும் பெயர் பொறித்த கற்கள். ஒவ்வொன்றின் கீழும் இருப்பது பக்கத்துக் கல்லில் பெயருள்ளவரின் எலும்பு. அவனுடைய கல் மட்டும் வெறுமையின்மேல் கிடக்கிறது. கவனமாகப் படிப்பவருக்கு, இவன் இங்கே புதைக்கப்படவே இல்லை என்பதை அந்தத் தரை சொல்லிவிடும்.

வாசலுக்கு வெள்ளவத்தைக் கால்வாய். பாதாள இலங்கைக்கு வழி கடலுக்கு அடியால்தான் போகவேண்டும். கால்வாய் கடலில் விழுகிற இடத்தை ரயில் பாதையோரம் நடக்கும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அங்கே மணல் திட்டு ஒதுங்கி மூடுவதும் நீர் அதை உடைத்துக்கொண்டு போவதும் மாறிமாறி நடக்கும். மாளிகை வாசலும் மணல் உடையும் நாளில்தான் திறக்கும். வாசல்தராசைச் செட்டியார் தெரு நகைக்கடைகளின் கண்ணாடிப் பெட்டித் தராசாகச் சொன்னேன், மூச்சுப் பட்டாலே அசைவது. வருபவரின் மனதில் கொலை இருந்தால் தட்டு தாழும். பகடை உருட்டி அதை ஏமாற்ற முடியாது. எங்கள் நால்வரும் ஆயுதங்களை, மயிலிராவணனின் தங்கையை நினைத்து நான் அமைத்த தண்ணீர்க்காரியின் குடத்துக்குள் போட்டுவிட்டு, சாப்பிட வந்த விருந்தாளிகளாக ஏறினார்கள். உண்மையாகவே சாப்பிடவேண்டும் என்று நான் சொன்னேன். அந்தப் படைப்பில் கைவைத்த முதல் மனிதர்கள் அவர்கள்தான், சமையற்காரர்கள் அழுதார்கள்.

மாளிகை முழு உருவம் பெற்றது 2022 இல். அந்த மார்ச் மாதக் கடைசியில் எரிபொருள் இல்லாமல் நாட்டில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை போனது. காலி வீதியில் பெட்ரோல் வரிசை, வீட்டில் ஃபேன் இல்லை, ஃபோனில் சார்ஜ் இல்லை. எங்கள் ஃபிளாட்டில் விளக்கீட்டுக்கு வைத்திருந்த மண் சிட்டிகளை எடுத்து, தேங்காயெண்ணெய் விட்டு, மேசையில் ஐந்து வைத்தோம். தாளில் வரைந்திருந்த விளக்கு அப்போதுதான் விதியாக மாறியது: இனி விளக்கை நூர்க்கப் பகடை கிடையாது, சிட்டியை ஊதித்தான் நூர்க்கவேண்டும். ஒரு சிட்டி நூர்ந்தால் மேசையில் அவ்வளவு இருட்டு கூடும். மாளிகையில் தனித்தனி அறையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கமுடியாது என்பதால், கண்ணை மூடிக்கொண்டு, பேசாமல், ஒரே நொடியில் ஊதவேண்டும். எதை வைத்து நொடியை ஒத்துக்கொள்வது? அவர்களே கண்டுபிடித்தார்கள். குருட்டுப் பாடகரிடம் போய், ஒரு குறிப்பிட்ட அடியை எட்டியதும் பாட்டை நிறுத்தும்படி கேட்டார்கள். மாளிகை முழுக்கக் கேட்கும் ஒரே சத்தம் அவருடைய பாட்டு. அது நின்ற கணத்தில் ஐந்து சிட்டியும் நூர்ந்தன. ஐந்தாவதை ஊதியது தண்ணீர்க்காரிக்காகப் பேசிய நான்.

அகலாதான் விழுந்ததும் மாளிகை இடியவில்லை. மயிலிராவணன் கதையில், அவன் செத்தபின் சிறையிலிருந்த தங்கை மகனுக்குப் பட்டம் கட்டிவிட்டுத்தான் அனுமன் மேலே வருகிறான். ஆட்களோடு கட்டிய வீட்டை அப்படியே விட்டுப்போக முடியாது. எங்கள் அடுத்த ஆட்டம் அந்த மாளிகையில் யார் குடியிருப்பது என்பதைப் பற்றியது. வாசலில் காவல் நின்றவனுக்குக் கால்வாய்ப் பொறுப்பு. எலும்புகளை அவரவர் பெயருக்குக் கீழே மாற்றிவைக்கும் வேலை பாடகரின் மேற்பார்வையில் நடக்கிறது. அவர் விரலால் தடவிக் கற்களைப் படிக்கிறார். களஞ்சியத்துச் சந்தனத்தை விற்பதா வைத்திருப்பதா என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாதம் நடந்தது. சமையலறை விஷயம் இன்னும் தீரவில்லை. புதிதாக வந்த தங்கச்சி ஒருத்தி தண்ணீர்க்காரியைத் தன் பாத்திரமாக எடுத்துக்கொண்டு, இனித் தான் குடம் தூக்குவதில்லை, வேண்டியவர்கள் கிணற்றடிக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.